பிள்ளைகளின் கோபமும் நட்பும் சண்டையும்: பினாங்குப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில், சனிக்கிழமை மாலைகளில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக ஒரு சிறு குழுவை நடத்தி வருகிறேன். விளையாட்டும் கதையும் கொஞ்சம் கைவேலையும் என்றுதான் திட்டமிடுவேன். ஆனால் இரண்டு மணி நேரத்தில் பாதி, யார் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்ற வழக்குகளிலேயே போய்விடும். அந்தப் பாதிதான் உண்மையான பாடம் என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் படிக்கட்டருகே நின்று கேட்ட கேள்விகளையும், அவசரத்தில் அன்று முழுமையாகச் சொல்ல முடியாமல் போன விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கோபமும் அழுகையும் தாமாகவே வருபவை. அவற்றைப் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

கோபப்படுவதற்கு எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி தேவையில்லை. வந்திருப்பது கோபந்தானா, அல்லது அவமானமா, ஏமாற்றமா, வெறும் பசியா என்று பிரித்தறிவதற்குத்தான் பயிற்சி தேவை. ஆறு வயதுப் பிள்ளையிடம் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், ‘ஓகே’, ‘கோவமா இருக்கு’ என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் விடையாக வரும். இரண்டே சொற்களை வைத்திருக்கும் பிள்ளை, தன்னை ஆட்டத்தில் சேர்க்காதவனிடமும் தன் பென்சிலைத் தெரியாமல் ஒடித்தவனிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

நம் மொழி இந்த வகையில் ஏழையன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டை எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்றும் நான்கு நான்காக வகுத்துச் சொல்கிறது. அழுகைக்கு அது காட்டும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. மண்டபத்தில் ஒரு பிள்ளை அழும்போது நான் முதலில் எனக்குள் கேட்டுக்கொள்வது, இது இளிவா, இழவா என்பதைத்தான். பந்து போய்விட்டதே என்று அழும் பிள்ளையிடம் பந்தைத் திருப்பிக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும். பந்து போனபோது மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்களே என்று அழும் பிள்ளைக்குப் பத்துப் பந்து வாங்கிக் கொடுத்தாலும் நிற்காது. நகைக்குச் சொல்லப்பட்ட நான்கு காரணங்களில் முதலாவது எள்ளல் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

மெய்ப்பாடு என்ற சொல்லே உடம்பில் வெளிப்படுவதைக் குறிக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அங்கிருந்து தொடங்குவதுதான் எளிது. வயிறு எரிகிறது, தொண்டை அடைக்கிறது, முகம் சுண்டிப்போகிறது, காது சுடுகிறது என்றெல்லாம் நாம் பேச்சுவாக்கில் சொல்பவை அனைத்தும் உணர்வை உடம்பில் இடம் காட்டிச் சொல்பவையே. ‘உனக்கு என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்கு விழிக்கும் பிள்ளை, ‘எங்க பண்ணுது?’ என்றால் தொண்டையையோ வயிற்றையோ தொட்டுக் காட்டிவிடும். பெயரை அதன் பிறகு நாம் எடுத்துக் கொடுக்கலாம்.

பெயர் சொல்வதாலேயே வேகம் தணியும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த மேத்யூ லீபர்மேனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், படத்திலுள்ள முகத்தின் உணர்வுக்குச் சொல்லால் பெயர் சூட்டியபோது, மூளையில் அச்சத்தோடும் அபாய உணர்வோடும் தொடர்புடைய அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. அது பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆயினும் மண்டபத்தில் நான் காண்பது அதற்கு மாறாக இல்லை.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். எந்த மொழியில் பேசுவது?

உணர்வு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் தொடங்குங்கள். பிள்ளை ‘கெரம்’ என்று சொன்னால், அதைத் தமிழில் சொல் என்று அந்த நேரத்தில் திருத்துவது, எரியும் வீட்டின் முன்னால் நின்று எழுத்துப்பிழை பார்ப்பதற்குச் சமம். மலாய் மொழியில் சில அருமையான சொற்கள் இருக்கின்றன. தனக்கு வேண்டியவர் வந்து சமாதானப்படுத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்குவதை ‘மெராஜுக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ஊடல் என்ற நம் சொல் அதற்கு நெருக்கமானது. ஆனால் அதைக் காதலருக்கே ஒதுக்கிவிட்டோம். ‘கெரம்’ என்பதோ பல்லைக் கடிக்க வைக்கும் ஆத்திரத்துக்கும், கொழுகொழுவென்ற குழந்தையின் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் துடிப்புக்கும் பொதுவானது. எது என்று கேட்டறிய வேண்டும்.

அமைதியான வேளைகளில் தமிழ்ச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஏக்கம், ஆதங்கம், கூச்சம், தவிப்பு, வீம்பு, மனத்தாங்கல் என்று எத்தனையோ இருக்கின்றன. மனத்தாங்கல் என்பது நெருக்கமானவரிடம் மட்டுமே வரக்கூடியது என்று நான் விளக்கியபோது, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “அப்போ அவ இன்னும் என் ஃப்ரெண்டுதான்” என்றாள். இந்தச் சொற்களெல்லாம் பாட்டிமார் வாயில் தாராளமாகப் புழங்குபவை. பாட்டியோடு இருக்கும் பிள்ளைகளின் சொல்வளம் கூடுதலாக இருப்பதைக் கண்கூடாகப் பார்க்கிறேன்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை தன் பொம்மையைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்று வருந்தாதீர்கள். அந்த வயதில் அது சுயநலம் ஆகாது. அடுத்தவர் மனத்தில் இருப்பது தன் மனத்தில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்ற அறிவு ஏறத்தாழ நான்கு, ஐந்து வயதில்தான் தெளிவாகத் தொடங்குகிறது. ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், ஒரு சிறுவன் வெளியே போயிருக்கும்போது அவன் வைத்த சாக்லெட்டை அம்மா வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் அவன் எங்கே தேடுவான் என்று கேட்டால், மூன்று வயதினர் புதிய அலமாரியையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்ற எண்ணம். ஒரே நேரத்தில் ஒருவர்மேல் அன்பும் கோபமும் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் சொல்லால் விளக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். ஆண்டு ஒன்றில் சேரும் ஏழு வயதுப் பிள்ளை, ‘அவன் இனிமே என் ஃப்ரெண்டே இல்ல’ என்று காலையில் சொல்லிவிட்டு மாலையில் அவனோடு மைலோவைப் பங்கிட்டுக் குடிப்பது பொய்யன்று.

சண்டை வந்ததும் இருவரையும் ‘சாரி’ சொல்ல வைத்துக் கை குலுக்கச் செய்கிறோம். அது போதாதா?

நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். ஒருமுறை பூப்பந்து மட்டைக்காக இரண்டு சிறுவர்கள் மோதிக்கொண்டார்கள். நான் நீதிபதியாக அமர்ந்து, முதலில் பிடுங்கியவன் யார் என்று விசாரித்து, இருவரையும் ‘சாரி’ சொல்ல வைத்து, கை குலுக்கச் செய்து, மனநிறைவோடு கதை சொல்லப் போனேன். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவன் மூக்கில் இரத்தத்தோடு நின்றான். என் தீர்ப்பில் தோற்றவன் தன் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

கட்டளையால் வரும் ‘சாரி’, பினாங்குப் பாலத்தில் டோல் கட்டுவது போன்றது. கட்டிவிட்டால் தடுப்பு உயரும், வண்டி போய்விடும், ஓட்டுநரின் மனம் மாறியதா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் இதை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அடிப்பதற்கு முன்பே ‘சாரி’யைத் தயாராக வைத்திருக்கும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது நான் செய்வது மெதுவானது. முதலில் இருவரையும் பிரித்து, ஒருவரை ஒருவர் பார்க்காத இடங்களில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு சீராகும் வரை காத்திருக்கிறேன். கொதிப்பில் இருக்கும் பிள்ளையிடம் நியாயம் பேசுவது வீண் வேலை. பிறகு ஒருவன் நடந்ததைச் சொல்வான். மற்றவன் குறுக்கிடக் கூடாது. அவன் முடித்ததும், கேட்டவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன், ‘ஆமா, அதுதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே அடுத்தவனின் முறை. இந்தத் திருப்பிச் சொல்லும் இடத்தில்தான் ஏதோ ஒன்று நிகழ்கிறது. எதிராளியின் வருத்தத்தைத் தன் நாவால் உச்சரிக்க நேர்ந்த பிள்ளையின் குரல் தாழ்ந்துவிடும். கடைசியில், ‘இப்ப என்ன செஞ்சா உனக்குச் சரியாகும்?’ என்று இருவரிடமும் கேட்கிறேன். நான் எதிர்பார்க்கும் விடை அநேகமாக வருவதில்லை. மட்டைச் சண்டையில் மூக்குடைந்தவன் பிற்பாடு கேட்டது மன்னிப்பை அன்று. அடுத்த வாரம் இரட்டையர் ஆட்டத்தில் தன்னோடு சேர வேண்டும் என்பதை.

நம் முன்னோர் பிள்ளைகளாக இருந்தபோது ‘காய்’ விட்டுப் பின்பு ‘பழம்’ விட்டார்கள். சண்டையை அறிவிக்க ஒரு விரல்குறி, சமாதானத்தை அறிவிக்க இன்னொன்று. நடுவர் கிடையாது, யார் பக்கம் நியாயம் என்ற ஆராய்ச்சியும் கிடையாது. எங்கள் மண்டபத்தில் அதை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பெரிய மனக்காயங்களுக்கு அது போதாது. ஆனால் சிறு பிணக்குகளில், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரு விரல் பெரிய உதவி.

ஆண்பிள்ளை அழுதால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். அழாதே என்று சொல்வது தவறா?

அழ வேண்டாம் என்று சொன்னால் அழுகை நிற்கும், வருத்தம் நிற்காது. அது பெரும்பாலும் அடியாக வெளியே வரும். கேலிக்கு அஞ்சும் சிறுவனுக்கு முகம் கழுவப் போய்வர அனுமதி கொடுங்கள். அதுவே போதும்.

மகளின் வகுப்பில் மொத்தம் ஏழு பேர். மூன்று பெண்பிள்ளைகள் ஒன்றாகிவிட்டார்கள்; நான்காமவளான இவளைச் சேர்ப்பதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி பெருநிலத்தில், செபெராங் பிறையிலிருந்து வந்தது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று தீவிலும் பெருநிலத்திலுமாக 28 தமிழ்ப்பள்ளிகளில் நடக்கிறது. அவற்றுள் சில தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எழுந்தவை. தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் வழிவிட்டு, குடும்பங்கள் நகர்ந்த பிறகு மாணவர் எண்ணிக்கை சுருங்கியது. 150க்கு மேற்படாத மாணவரைக் கொண்ட பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. அத்தகைய பள்ளியில் ஆசிரியரின் கவனம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் என்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதே பள்ளியில் தோழமை முறிந்தால் போவதற்கு வேறு மேசை இல்லை என்பதைப் பேசுவதில்லை. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒதுக்கப்பட்டவள் இன்னொரு கூட்டத்தைத் தேடிக்கொள்வாள். ஏழு பேர் உள்ள வகுப்பில் அதே மூவரோடு ஆறாம் ஆண்டுவரை போக வேண்டும்.

முதலில், அந்த மூவரின் தாய்மாரை உடனே அழைத்துப் பேசாதீர்கள். அம்மா சொன்னதற்காகச் சேர்த்துக்கொள்ளப்படும் பிள்ளை, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் மூவரின் நடுவே தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். மூவரில் ஒருத்தியையாவது உங்கள் மகளுக்கு உண்மையாகவே பிடிக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அந்த ஒருத்தியை மட்டும் ஒரு மாலை வீட்டுக்கு அழையுங்கள். மூவராக இருக்கும்போது கல்லாக நிற்கும் கூட்டம், ஒருத்தியாக வரும்போது இட்லி மாவு பிசுபிசுக்கும் கையோடு சிரிக்கும். வகுப்பாசிரியரிடமும் பேசலாம், ஆனால் கண்டிக்கச் சொல்லாமல், குழுவேலைகளில் இடத்தை மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வகுத்த முறை இதற்குப் பொருத்தமானது: பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பார்கள், அவளிடமுள்ள துண்டைக் கேட்டறியாமல் மற்றவர்களால் வேலையை முடிக்க முடியாது. ஒதுக்கப்பட்டவள் பரிவுக்குரியவளாக இல்லாமல் தேவைப்படுபவளாக ஆகிறாள்.

பள்ளிக்கு வெளியே இன்னொரு வட்டம் இருப்பதும் அவசியம். கோவில் தேவார வகுப்பு, நடன வகுப்பு, சிலம்பம், அத்தை பிள்ளைகள், எதுவானாலும் சரி. அங்கே அவளுக்கு ஓர் இடம் இருந்தால், இங்கே இடமில்லாதது அவளுடைய முழு உலகமாக இராது.

குழுவே இரண்டு அணியாகப் பிரிந்து மோதினால்?

1954ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், முசாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாக முகாமில் தங்க வைத்தார். போட்டிகள் தொடங்கியதும் ஏச்சும் கொடி எரிப்பும் அறைகளில் புகுந்து கலைப்பதும் வந்தன. அவர்களை ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டால் பகை தணியும் என்று பார்த்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றபோதும், வண்டி கிளம்ப மறுத்துக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தபோதும்தான் இரு குழுவும் கலந்தன. அந்தப் பகையை மூட்டியதில் ஆய்வாளர்களின் கை இருந்தது என்ற குறைகூறல் பிற்காலத்தில் எழுந்தது; பிள்ளைகளை அப்படிச் சோதித்தது எனக்கும் உவப்பானதன்று. ஆனாலும் வெறுமனே ஒன்றாக உட்கார வைப்பது உதவாது என்பதை எங்கள் மண்டபத்தில் நானே கண்டிருக்கிறேன்.

எங்களிடம் ‘ஏ’ புளோக் பிள்ளைகளுக்கும் ‘சி’ புளோக் பிள்ளைகளுக்கும் காற்பந்தில் தொடங்கிய பகை ஒன்று மாதக்கணக்கில் நீடித்தது. அறிவுரை சொன்னேன், பிறந்தநாள் கேக் வெட்டினேன், பலனில்லை. அந்த ஆண்டு தைப்பூசத்தில், தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் குடியிருப்பினர் போட்ட தண்ணீர்ப் பந்தலுக்குப் பிள்ளைகளை உதவிக்கு அழைத்தோம். குவளைகளை அடுக்குவது, ஐஸ் உடைப்பது, குப்பை பொறுக்குவது என்று வேலைகளைப் பகிர்ந்தபோது, புளோக் பார்க்காமல் உயரம் பார்த்துப் பிரித்தோம். வெயில் ஏற ஏறக் கூட்டம் பெருகியது. மோர் தீர்ந்துகொண்டே வந்தது. நண்பகலில் பார்த்தபோது, ‘சி’ புளோக்கின் தலைவன் கரைக்க, ‘ஏ’ புளோக்கின் கோல்காப்பாளன் ஓடி ஓடி ஊற்றிக்கொண்டிருந்தான். மறுவாரம் காற்பந்தில் மீண்டும் கத்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அணிகள் கலந்திருந்தன.

இது சாதாரணச் சண்டையா, பகடிவதையா என்று எப்படிப் பிரித்தறிவது?

பகடிவதை பற்றிய ஆய்வின் முன்னோடியான நார்வேயின் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நிகழ்வது, இருவரின் வலிமையும் சமமாக இல்லாதது. சம வலிமையுள்ள இருவர் மட்டைக்காக அடித்துக்கொள்வது சண்டை. நான்கு பேர் சேர்ந்து ஒருவனின் தோல் நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைத்து, அவன் வேனில் ஏறும்போதெல்லாம் அதைக் கூவுவது பகடிவதை. அதற்கு ‘சும்மா வெளாட்டுக்கு’ என்று பெயர் கொடுத்தாலும் அப்படித்தான். வலிமை என்பது உடல்வலிமை மட்டுமன்று. எண்ணிக்கையும் வயதும் செல்வாக்கும் வலிமைகளே.

மேலே நான் சொன்ன, நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசும் முறையைப் பகடிவதைக்குப் பயன்படுத்தவே கூடாது. துன்புற்ற பிள்ளையைத் துன்புறுத்தியவர்களின் எதிரில் உட்கார வைத்து விளக்கம் சொல்லச் சொல்வது இன்னொரு தண்டனையாகிவிடும். இங்கே பெரியவர்கள் தலையிட்டே ஆக வேண்டும். நாளும் இடமும் சொல்லும் எழுதி வைத்து, வகுப்பாசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர், தலைமையாசிரியர் என்ற வரிசையில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். 2025இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகள் மிரட்டல், இழிசொல் போன்றவற்றால் ஒருவரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியுள்ளன. பிள்ளையின் பாதுகாப்பு குறித்து அச்சம் இருந்தால் 15999 என்ற ‘தாலியான் காசே’ உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டுவிடலாமா?

வேண்டாம். பிள்ளைகள் மாலைக்குள் சேர்ந்துவிடுவார்கள். குழுவில் எழுதிய பெற்றோர் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் முகம் பார்க்க மாட்டார்கள்.

அடிப்பவன் என் மகன்தான். வெட்கமாக இருக்கிறது.

இப்படி ஒப்புக்கொள்ளும் பெற்றோரை நான் மிகவும் மதிக்கிறேன், அது எளிதன்று. அடிக்கும் பிள்ளையிடம், அடிப்பதற்குச் சற்று முன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்டறிய முயலுங்கள். எங்கள் குழுவில் ஒரு சிறுவன், தனக்கு முதலில் காது சுடும் என்று கண்டுபிடித்தான். காது சுட்டதும் மண்டபத்துக்கு வெளியே போய் மாடிப்படிகளை எண்ணிவிட்டு வரலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தொடக்கத்தில் அடித்துவிட்டுத்தான் படி எண்ணப் போனான். மூன்று மாதம் அளவில், அடிக்காமலேயே படி எண்ணப் போகத் தொடங்கினான். அடித்ததற்காக அவனை வீட்டில் அடிப்பது மட்டும் வேண்டாம். வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்ற பாடத்தை அது உறுதிப்படுத்தும். உடைத்ததைச் சரிசெய்யும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள்: கிழித்த புத்தகத்தை ஒட்டித் தருவது, தள்ளிவிட்டவனின் பையை ஒரு வாரம் தூக்குவது.

நானும் கணவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வெவ்வேறு ஷிப்டில் வேலை செய்கிறோம். சந்திக்கும் சிறு நேரத்தில் சண்டைதான் வருகிறது. பிள்ளை பார்க்கிறான். அதை மறைக்க வேண்டுமா?

கத்தலும் வசையும் அடியும் பிள்ளையைப் பாதிக்கும்; அவற்றை நிறுத்துவதற்கு உதவி தேவையென்றால் தயங்காமல் நாடுங்கள். ஆனால் கருத்து வேறுபாட்டையே பிள்ளையிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கிறது. சமாதானமோ, பிள்ளை தூங்கிய பிறகு அறைக்குள் நடக்கிறது. முதல் பாதியை மட்டும் பார்த்த பிள்ளைக்கு இரண்டாம் பாதி இருப்பதே தெரியாது. இரவு ஷிப்டு முடிந்து வரும் கணவரிடம் காலையில் பிள்ளை கேட்கும்படியே, “நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க, களைப்பா இருந்துச்சு” என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதையும் அவன் கேட்கட்டும், ஒன்றும் சொல்லாமல் காப்பிக் குவளையை உங்கள் பக்கம் நகர்த்தினாலும் சரி.